மூச்சை மெல்ல விடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். கழுத்துவலி, தோள்பட்டை இறுக்கம் என்று வருகிறவர்களுக்குக் கடைசி ஐந்து நிமிடம் ஒரு மூச்சுப் பயிற்சியும் சொல்லிக்கொடுப்பது வழக்கம். முட்டிவலிக்கு வந்த அம்மா வீட்டுக்குப் போய் மருமகளிடம் சொல்ல, மருமகள் ஆபீஸில் சொல்ல, இப்போது வலியே இல்லாதவர்கள்கூட இதைக் கேட்டு வருகிறார்கள். ஆட்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவர்கள் கேட்டதைக் கேட்டபடியே எழுதி, கீழே பதிலையும் எழுதிவைத்திருக்கிறேன். எளிதானவை முதலில், வில்லங்கமானவை பின்னால்.

பெரிசா விளக்கமெல்லாம் வேணாம். என்ன செய்யணும், அதை மட்டும் சொல்லுங்க.

சரி. முதுகு சாய்ந்திருக்கும்படி நாற்காலியில் உட்காருங்கள். கால் தரையில் படட்டும், தோள் தொங்கட்டும். முதலில் உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக வெளியே விடுங்கள். பிறகு மூக்கு வழியாக நாலு எண்ணும் நேரம் இழுங்கள், ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். நடுவில் அடக்க வேண்டாம். இப்படி ஐந்து நிமிடம்.

ஒரு எண்ணுக்கு ஒரு வினாடி என்றால் ஒரு மூச்சுக்குப் பத்து வினாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. பயிற்சி இவ்வளவுதான். கீழே வருவதெல்லாம் இதில் மக்கள் இடறி விழுகிற இடங்கள்.

பொறந்ததுல இருந்து மூச்சு விட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்? இதுல கத்துக்க என்ன இருக்கு?

நியாயமான கேள்வி. இதயம் துடிப்பது, குடல் அசைவது, வியர்ப்பது எல்லாம் நம்மைக் கேட்காமலே நடக்கின்றன. ‘ஏ நெஞ்சே, மெதுவாத் துடி’ என்று சொன்னால் அது கேட்காது. மூச்சும் தானாகவே நடப்பதுதான், ஆனால் நினைத்தால் நாமும் அதைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு வெளியில் இருந்து திறக்கிற ஒரே கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் பொதுவாக நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகிறோம். பதற்றத்தில் இது கூடும், மேலோட்டமாகவும் ஆகும். கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து நாடி பாருங்கள். மெதுவாக இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது கொஞ்சம் தளரும். இளம் வயதினருக்கு இது நன்றாகவே தெரியும், வயதாக ஆக வித்தியாசம் குறையும். மூச்சை விடும்போது இதயத்துக்குக் கடிவாளம் போடுவது வேகஸ் நரம்பு. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், வேகத்தைக் குறைப்பதுதான் அதன் வேலை. லத்தீனில் அந்தச் சொல்லுக்கு ‘அலைகிறது’ என்று பொருள். மூளையின் அடியில் கிளம்பித் தொண்டை, இதயம், நுரையீரல், வயிறு என்று ஊர் சுற்றிப் போவதால் அந்தப் பெயர்.

மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்கும்போது இன்னொன்றும் நடக்கிறது. கழுத்து ரத்தக்குழாயிலும் இதயத்தை ஒட்டிய பெரிய குழாயிலும் ரத்த அழுத்தத்தை உளவு பார்க்கிற உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் இதயத்தை மெதுவாக்கச் சொல்லும், இறங்கினால் வேகமாக்கச் சொல்லும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு ஏறக்குறைய பத்து வினாடித் தாளம் ஒன்று உண்டு. மூச்சும் அதே தாளத்துக்கு வந்தால் இரண்டும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். ஊஞ்சல் திரும்பி வரும் நேரம் பார்த்துத் தள்ளுவது போலத்தான்.

நல்லா ஆழமா இழுத்தா ஆக்சிஜன் நிறையப் போகும், அதனாலதானே மனசு அமைதியாகுது?

இல்லை. நான் அதிகம் திருத்த வேண்டியிருக்கிற தப்பு இதுதான். கொரோனா காலத்தில் விரலில் மாட்டிய அந்தச் சின்னக் கருவி எல்லார் வீட்டிலும் இருக்கும். மாட்டிப் பாருங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே 95க்கு மேல்தான் காட்டும். நிறைந்த குடத்தில் மேலும் ஊற்றினால் எவ்வளவு நிற்கும்?

பெரிது பெரிதாக, வேகமாக இழுத்து விட்டால் நடப்பது வேறு. ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு மளமளவென்று குறைகிறது. அது கழிவுதானே, போகட்டும் என்று நினைப்போம். ஆனால் அது ஓரளவு இருந்தால்தான் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்கள் விரிந்திருக்கும். குறைந்தால் அவை சுருங்கும், கிறுகிறுக்கும். ‘டென்ஷனா இருக்கா, மூச்சை நல்லா இழு இழு’ என்று பக்கத்தில் நின்று விரட்டுகிறவர்கள் நல்லெண்ணத்தோடு நிலைமையை மோசமாக்குகிறார்கள்.

அமைதி வருவது விடுவதில். தமிழில் ஏற்கனவே அப்படித்தான் பேசுகிறோம். ‘மூச்சு விட நேரமில்லை’, ‘மூச்சு விட முடியலை’ என்போம், இழுக்க நேரமில்லை என்று யாரும் சொல்வதில்லை. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததும் வருகிற ‘அப்பாடா’வும் வெளியே போகிற மூச்சில்தான் வரும். நாலு இழுத்து ஆறு விடச் சொல்வதன் காரணம் இது.

வயிறு உப்பணுமா, நெஞ்சு உப்பணுமா?

வயிறு. நுரையீரலுக்கும் வயிற்றுக்கும் நடுவே கவிழ்த்த கிண்ணம் போல உதரவிதானம் என்ற தசை இருக்கிறது. மூச்சை இழுக்கும்போது அது தட்டையாகிக் கீழே இறங்கும். கீழே இருக்கிற குடலும் ஈரலும் வேறு எங்கே போகும்? வயிறு முன்னால் தள்ளும். காற்று வயிற்றுக்குள் போவதில்லை, இடம் மாறுவதுதான் வெளியே தெரிகிறது.

சின்ன வயதிலிருந்து ‘வயித்தை உள்ள இழுத்து நெஞ்சை நிமித்து’ என்று கேட்டு வளர்ந்தவர்களுக்குத் தலைகீழாக வரும்: இழுக்கும்போது வயிறு உள்ளே போகும், தோள் மேலே ஏறும். கழுத்துவலியோடு வருகிற பலரிடம் இதைப் பார்க்கிறேன். அவர்களை மல்லாந்து படுக்கவைத்து, முட்டியை மடக்கி, தொப்புள் மேல் ஒரு கை, நெஞ்சின் மேல் ஒரு கை வைக்கச் சொல்வேன். கீழே இருக்கும் கை மட்டும் ஏறி இறங்க வேண்டும். கை வைக்கக் கூச்சமாக இருந்தால் வயிற்றின் மேல் ஒரு பொத்தகம் வையுங்கள். படுத்த நிலையில் நன்றாக வந்த பிறகு நாற்காலிக்கு மாறலாம். பாவாடை நாடா, பெல்ட், ஜீன்ஸ் எதுவாக இருந்தாலும் முதலில் தளர்த்திக்கொள்ளுங்கள். பல பேருக்கு ‘வரமாட்டேங்குது’ என்பதன் காரணம் நாடாதான்.

நாலு, ஆறுன்னு எண்ணி எண்ணியே டென்ஷன் ஆகுது. எண்ணாம செய்ய முடியாதா?

தாராளமாக. ஆறு பெரிதாகத் தெரிந்தால் மூன்று இழுத்து நாலு விடுங்கள், ஒரு வாரம் கழித்துக் கூட்டலாம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருந்தால் போதும்.

எண்ணுக்குப் பதில் சொல்லும் வைக்கலாம். 2001இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். லத்தீன் மொழியில் ஜெபமாலை சொல்கிறவர்களையும், ‘ஓம் மணி பத்மே ஹூம்’ மந்திரம் சொல்கிறவர்களையும் கருவிகளோடு கவனித்தார்கள். இரண்டிலுமே மூச்சு தானாக நிமிடத்துக்கு ஏறக்குறைய ஆறு என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. ரோமாபுரிக்கும் திபெத்துக்கும் எங்கே சம்பந்தம்? வாக்கியத்தின் நீளம்தான். ஆகவே உங்களுக்குப் பழகிய வரி எதுவாக இருந்தாலும் சரி, சிவபுராணமோ, மாதா மந்திரமோ, திக்ரோ, விடும் மூச்சில் மெதுவாகச் சொல்லலாம். என்னிடம் வரும் ஒரு பெரியவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அவர் பழைய சினிமாப் பாட்டு ஒன்றின் பல்லவியை வைத்திருக்கிறார், கச்சிதமாக ஆறு வினாடி.

எனக்கு ஒரு மூக்கு எப்பவும் அடைச்சே இருக்கு. அப்புறம் எப்படிச் செய்யறது?

உங்களுக்கு மட்டுமில்லை. மூக்கின் உட்சதை ஒரு பக்கம் வீங்கும்போது மறுபக்கம் வாடும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை முறை மாற்றிக்கொள்ளும். 1895இல் ரிச்சர்ட் கைசர் என்ற ஜெர்மன் மருத்துவர் இதை விவரித்து எழுதினார். நம் பக்கத்தில் இடகலை, பிங்கலை என்று இதைப் பேசி எத்தனையோ தலைமுறை ஆகிவிட்டது. இரண்டு மூக்கும் சேர்ந்து தேவையான காற்றைக் கொடுத்துவிடும். ஒரே பக்கம்தான் மாதக்கணக்கில் அடைப்பு என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். தண்டு வளைந்திருக்கலாம், சதை வளர்ந்திருக்கலாம்.

மூச்சை வாய் வழியா விடலாமா?

விடலாம். உதட்டைக் குவித்து, சூடான காபியை ஆற்றுவது போல. சிஓபிடி என்கிற நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு நாங்களே அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். குவிந்த உதடு கொஞ்சம் தடை கொடுப்பதால் சின்ன மூச்சுக்குழாய்கள் சீக்கிரம் மூடிக்கொள்ளாமல் காற்று வெளியேறும். இழுப்பதை மட்டும் முடிந்தவரை மூக்கு வழியாக வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு காற்றை வடிகட்டும், சூடாக்கும், ஈரமாக்கும். அதைவிட முக்கியம், வாயைப் போல ஒரே மடக்கில் விழுங்க விடாது.

எப்போ செய்யணும்? காலையில வெறும் வயித்திலதான் செய்யணுமாமே?

கடுமையான பிராணாயாமத்துக்குச் சொன்ன விதியை இதற்கும் மாட்டிவிட்டார்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட உடனே மட்டும் வேண்டாம், உதரவிதானம் இறங்க இடமிருக்காது. மற்றபடி எந்த நேரமும் நல்ல நேரம்தான், ராகுகாலம் கிடையாது. ஏதாவது ஒரு பழக்கத்தோடு முடிச்சுப் போட்டுவிட்டால் மறக்காது: குக்கர் வைத்துவிட்டு விசிலுக்குக் காத்திருக்கும் நேரம், பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம்.

படபடப்பு வந்த நேரத்துல செஞ்சு பார்த்தேன். ஒண்ணுமே வேலைக்கு ஆகலை.

அமைதியாக இருக்கும் நாட்களில் எத்தனை முறை செய்தீர்கள் என்று திருப்பிக் கேட்பேன். பெரும்பாலும் பதில் ஒரு சிரிப்புதான். வெள்ளம் வந்த பிறகு ஆற்றில் இறங்கி நீச்சல் பழக முடியாது. சும்மா இருக்கும் நாட்களில் இரண்டு மூன்று வாரம் பழகினால்தான் அவசரத்தில் உடம்புக்கு வழி தெரியும்.

இரண்டாவது, படபடப்பின் உச்சத்தில் நாலு-ஆறு எடுத்தவுடன் வராது. அப்போது வேறு ஒன்று இருக்கிறது. மூக்கால் ஒரு மூச்சு இழுங்கள், அது முடியும் இடத்தில் இன்னும் கொஞ்சம் ‘சிக்’கென்று இழுங்கள், பிறகு வாயால் நீளமாக விடுங்கள். இரண்டு மூன்று முறை போதும். அழுது ஓய்ந்த குழந்தை விசும்பிவிட்டுத் தூங்குமே, அதே மூச்சு. 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வில் சிலரை தினமும் ஐந்து நிமிடம் இந்தப் பெருமூச்சையும், சிலரை வேறு மூச்சு முறைகளையும், சிலரை தியானத்தையும் ஒரு மாதம் செய்யவைத்தார்கள். மனநிலை தேறியதில் பெருமூச்சுக்காரர்கள் முந்தியிருந்தார்கள்.

பெருமூச்சு விட்டால் எங்கள் பாட்டி திட்டுவார், ‘வெளக்கு வச்ச நேரத்துல என்னடி பெருமூச்சு’ என்று. ஆனால் நமக்குத் தெரியாமலே ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லாரும் பெருமூச்சு விடுகிறோம். சுருங்கிப்போன காற்றறைகளை நுரையீரல் அப்படித்தான் விரித்துக்கொள்கிறது. பாட்டியும் விட்டிருப்பார்.

செய்ய ஆரம்பிச்சாலே தலை சுத்துது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகுது. நிறுத்திடவா?

அந்த வேளைக்கு நிறுத்துங்கள், சாதாரணமாக மூச்சு விடுங்கள், ஓரிரு நிமிடத்தில் சரியாகும். காரணம் ஆக்சிஜன் கேள்வியில் சொன்னதுதான்: அளவுக்கு மேல் காற்றை இழுக்கிறீர்கள். கார்பன் டை ஆக்சைடு இறங்கினால் விரலிலும் உதட்டைச் சுற்றியும் எறும்பு ஊர்வது போல இருக்கும்.

அடுத்த முறை வேகத்தைக் குறைப்பதோடு அளவையும் குறையுங்கள். மெதுவாக என்றால் பெரிதாக என்று அர்த்தமில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்டால் அது அதிகம். பயிற்சி செய்யாத நேரத்திலும் தலைசுற்றல் இருந்தால் அது வேறு விஷயம், மருத்துவரைப் பாருங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடச் சொல்லும் பழைய வைத்தியம் வேண்டாம். உண்மையிலேயே இதயமோ நுரையீரலோ சிக்கலில் இருந்தால் அது ஆபத்து.

மூச்சைக் கவனிக்க ஆரம்பிச்சா பயம் கூடுது. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

உங்களுக்கு மட்டும் இல்லை. பயந்தாங்கொள்ளித்தனமும் இல்லை. ஒருமுறை மூச்சுத் திணறி அவதிப்பட்டவர்கள், திடீர்ப் பீதி வந்து பழகியவர்கள் ஆகியோருக்கு மூச்சின் மேல் கவனம் போனாலே ‘நின்னுடுமோ’ என்று தோன்றும். கண்ணை மூடாதீர்கள். எதிரே இருக்கும் சுவரில் ஏதாவது ஒன்றைப் பாருங்கள், பாதம் தரையில் அழுந்துவதைக் கவனியுங்கள். மூச்சை எண்ணுவதை விட்டுவிட்டு, மெல்லிய குரலில் ‘ம்ம்ம்’ என்று நீளமாக முனகுங்கள். முனகும்போது மூச்சு நீளமாகத்தானே வெளியே போகும்? கவனம் சத்தத்தில் இருக்கும், வேலை மூச்சில் நடக்கும்.

அதுவும் ஒத்துவரவில்லை என்றால் விட்டுவிடலாம். நடை, கோலம், கீரை ஆய்வது, சைக்கிள் என்று உடம்பைத் தணிக்க வேறு வழிகள் இருக்கின்றன. இந்தப் பயிற்சி எல்லாருக்கும் ஒத்துவந்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

திருமந்திரத்துல 16, 64, 32ன்னு இருக்கு. நீங்க அடக்கவே சொல்லலையே? இது அரைகுறை வித்தை இல்லையா?

இப்படிக் கேட்ட தாத்தாவிடம் நான் தோற்றுத்தான் போனேன், ஏனென்றால் பாட்டை அவர் மனப்பாடமாகச் சொன்னார். திருமூலர் சொல்லும் கணக்கு: 16 மாத்திரை இழுப்பது பூரகம், 64 அடக்குவது கும்பகம், 32 விடுவது இரேசகம். மாத்திரை என்பது கண்ணிமைக்கும் அல்லது கைநொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் சொல்லும். மூன்றையும் கூட்டினால் 112. ஒரு மாத்திரையை அரை வினாடி என்று வைத்தாலும் ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய ஒரு நிமிடம், அதில் பாதிக்கு மேல் அடக்கல்.

அது யோக சாதனை. பக்கத்தில் குரு இருந்து, வருடக்கணக்கில் படிப்படியாக ஏற வேண்டியது. நான் சொல்வது ரேஷன் கடை வரிசையில் நிற்பவருக்குமான பயிற்சி. பிபி, இதயக் கோளாறு, கண் அழுத்த நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை இறுக்கி அடக்கவே கூடாது. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் இந்த வகையில் வருவார்கள். ஆனால் ஒன்று பாருங்கள் தாத்தா என்று சொன்னேன்: அந்தக் கணக்கிலும் இழுப்பதைப் போல இரு மடங்கு விடச் சொல்கிறார். அதில் எங்களுக்குள் சண்டை இல்லை.

அப்போ கபாலபாதி செய்யறேனே, அது போதாதா?

அது இதற்கு நேர் எதிர். வயிற்றை வெட்டி வெட்டிக் காற்றை வெளியே தள்ளுவது உடம்பைச் சுறுசுறுப்பாக்கும், தணிக்காது. காலையில் தூக்கம் தெளிய அதைச் செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உயர் ரத்த அழுத்தம், குடலிறக்கம், கர்ப்பம், அண்மையில் வயிற்றில் ஆபரேஷன் என்றால் மட்டும் கூடவே கூடாது.

ஆபரேஷன் முடிஞ்சதும் மூணு பந்து மெஷின் குடுத்தாங்க. அதை ஊதினா போதுமா?

அதை ஊதக் கூடாது! இழுக்க வேண்டும். குழாயை வாயில் வைத்து, காற்றை உறிஞ்சினால் பந்து மேலே எழும்பும். அதில் 600, 900, 1200 என்று போட்டிருப்பது வினாடிக்கு எத்தனை மில்லி வேகத்தில் இழுக்கிறீர்கள் என்ற கணக்கு. கொரோனாவுக்குப் பிறகு வீட்டுக்கு வீடு இது வந்துவிட்டது, பத்தில் ஏழு பேராவது என் எதிரிலேயே ஊதிக் காட்டியிருக்கிறார்கள். சிலர் பந்து எழும்ப வேண்டும் என்பதற்காகக் கருவியைத் தலைகீழாகக் கவிழ்த்தும் ஊதினார்கள், அந்தச் சாமர்த்தியத்தை நான் ரசித்தேன்.

அந்தக் கருவி ஆபரேஷனுக்குப் பின் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்காமல் இருக்க. அங்கே இழுப்பது முக்கியம், இங்கே விடுவது முக்கியம். இரண்டும் வேறு வேலை, ஒன்றுக்கு ஒன்று மாற்று இல்லை.

மூணு மாசமா செய்யறேன், பிபி நல்லா இருக்கு. மாத்திரையை நிறுத்திடலாமா?

நிறுத்தாதீர்கள். திருமூலரின் மாத்திரை வேறு, இந்த மாத்திரை வேறு. பிபி நன்றாக இருப்பதே மாத்திரையால்தான் இருக்கலாம். மெதுவான மூச்சு ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது என்பது உண்மைதான், ஆனால் சராசரியாகச் சில புள்ளிகள் மட்டுமே. 160 இருக்கிறவரை 120க்குக் கொண்டுவரும் வேலை அதனால் ஆகாது. அளவு குறைக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள், நீங்களே முடிவெடுக்காதீர்கள். மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டுப் பக்கவாதத்தோடு என் மேஜைக்கு வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கையை மறுபடி அசைக்கச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு மெதுவான வேலை என்று எனக்குத் தெரியும்.

ஒரு உபயோகம் நிச்சயம் உண்டு. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் சிலருக்கு பிபி எகிறும். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது ஐந்து நிமிடம் செய்துவிட்டுப் போனால் உங்கள் உண்மையான அளவு அவருக்குக் கிடைக்கும்.

எனக்கு ஆஸ்துமா. என் மகள் ஏழு மாசம் முழுகாம இருக்கா. நாங்க செய்யலாமா?

ஆஸ்துமா தணிந்திருக்கும் நாட்களில் செய்யலாம். இழுப்பு வந்துவிட்டால் முதலில் இன்ஹேலர், மூச்சுப் பயிற்சி அதற்குப் பிறகுதான். இன்ஹேலர் கேட்கவில்லை, பேசும்போது வாக்கியம் முடியவில்லை என்றால் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

மகளும் செய்யலாம். ஏழாம் மாதத்தில் கருப்பை உதரவிதானத்தை மேலே தள்ளுவதால் மூச்சு நீளாது, அது இயல்பு. மூன்று இழுத்து நாலு விடட்டும், தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டோ இடது பக்கம் ஒருக்களித்தோ. அடக்குவது மட்டும் வேண்டாம். இப்போது பழகிவைத்தால் பிரசவ வலி வரும்போதும் விடுகிற மூச்சு கைகொடுக்கும்.

ஆறு வயசுப் பையன் பரீட்சைன்னா வயிறு வலிக்குதுங்கறான். அவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறது?

எண்ணச் சொல்லாதீர்கள், அதுவும் ஒரு பரீட்சையாகிவிடும். மல்லிகைப்பூவை மோந்து பார், சூடான பாலை ஊதி ஆற்று, அவ்வளவுதான். முன்பெல்லாம் ‘மெழுகுவத்தியை ஊதி அணை’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு பாட்டி வந்து, விளக்கை வாயால் ஊதி அணைக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏன் பழக்குகிறாய் என்று கேட்டார். அன்றிலிருந்து பாலுக்கு மாறிவிட்டேன். மெதுவாக ஊதினால்தான் பால் சிந்தாது என்பதால் பயிற்சிக்கும் அதுவே பொருத்தம். சோப்பு நுரைக் குமிழி ஊதுவதும் நன்றாக வேலை செய்யும்.

ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துடுது. செஞ்சா தூக்கம் வருமா?

தூக்கத்தை வரவழைக்கச் செய்தால் வராது. ‘வந்துச்சா, வந்துச்சா’ என்று பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். படுத்தபடி, வயிற்றில் கை வைத்து, எண்ணாமல் விடும் மூச்சை மட்டும் நீட்டுங்கள். உடம்பு ஓய்கிறது, அது போதும் என்ற கணக்கில். இருபது நிமிடம் போலப் புரண்டும் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொருகினதும் திரும்பிப் படுங்கள். நேரம் பார்க்கப் போனை எடுக்காதீர்கள். பயிற்சிக்காக ஆப் வைத்திருந்தாலும் அந்த நேரத்தில் வேண்டாம்.

நெஞ்சு படபடங்குது, வலிக்குது. டென்ஷனா, ஹார்ட் அட்டாக்கான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

வீட்டில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள முடியாது. ‘அஞ்சு நிமிஷம் மூச்சு விட்டுப் பார்ப்போம், அடங்கினா டென்ஷன்’ என்று சோதனை செய்யாதீர்கள். நெஞ்சில் பாறையை வைத்தது போல அழுத்தம், வலி இடது கை, தாடை, முதுகு என்று பரவுதல், குளிர்ந்த வியர்வை, வாந்தி, காரணமில்லாத மூச்சுத்திணறல், இதில் எது வந்தாலும் 108க்கு அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் வெறும் அசதியாகவும் வாயுத் தொல்லை போலவும் வரலாம். ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று அனுப்பினால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, அடுத்த முறை அதே மாதிரி வரும்போது என்ன செய்யலாம் என்று அந்த மருத்துவரிடமே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாசமா விடாம செய்யறேன். பிரச்சினை எல்லாம் அப்படியேதான் இருக்கு.

இருக்கும். கடன்காரன் வாசலில் நிற்கும்போது மூச்சை மெதுவாக விட்டால் கடன் அடையாது. அவனிடம் கத்தாமல் பேச முடியும், அவ்வளவுதான். இதை எல்லாப் பூட்டுக்கும் சாவி என்று விற்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும்.

ஆனால் கேள்வியின் தொனியை நான் கவனிப்பேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போய்விட்டது, இருந்து என்ன பயன் என்று தோன்றுகிறது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிற்காதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமில்லாமல் பேசலாம், தமிழிலேயே. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓபி சீட்டு போட்டால் பார்க்கலாம். முட்டிவலிக்கு என்னிடம் வர வெட்கப்படாதவர்கள் அங்கே போகவும் வெட்கப்பட வேண்டியதில்லை.

வண்டி ஓட்டும்போது செய்யலாமா?

ஓடும்போது வேண்டாம், கவனம் சாலையில் இருக்கட்டும். சிவப்பு விளக்கில் நிற்கும்போது செய்யலாம். சிக்னலில் 60 என்று காட்டினால் ஆறு மூச்சு, கணக்கு சரியாக இருக்கும். முன்னால் நிற்கிற டவுன் பஸ்ஸின் புகைக்குழாய் உங்கள் முகத்துக்கு நேரே இருந்தால் அந்தச் சிக்னலை விட்டுவிடுங்கள். கோரிப்பாளையத்தில் நான் ஐந்தாவது மூச்சைத் தாண்டியதே இல்லை. இன்னும் பத்து வினாடி இருக்கும்போதே பின்னால் இருக்கிற ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்க ஆரம்பித்துவிடுகிறார்.